எவ்வளவு ஆச்சு என்பது ரெண்டாவது கேள்வி

“எவ்வளவுங்க ஆச்சு?”

கீழ்த்தாடையில் கடைவாய்ப்பல் ஒன்றுக்கு இம்ப்ளான்ட் வைத்திருக்கிறேன் என்று தெரிந்ததிலிருந்து கொட்டச்சேட்டில் எதிர்ப்படுகிறவர்கள் எல்லோரும் இதைத்தான் கேட்கிறார்கள். டீக்கடையில் கேட்கிறார்கள், மிளகு எடை போடும் இடத்தில் கேட்கிறார்கள். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் வாயைத் திறந்து காட்டச் சொல்லிவிட்டுக் கேட்டார். நியாயமான கேள்விதான். சேலத்தில் நான் விசாரித்த இடங்களில் ஒரு பல்லுக்கு 25,000 ரூபாயில் தொடங்கி 60,000 வரை சொன்னார்கள். ஒரு கிளினிக்குக்கும் இன்னொன்றுக்கும் நடுவே நடந்துபோகிற தூரம்தான். விலையில் மட்டும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

அந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று நோண்டப் போனதில் தெரிந்துகொண்டதைத்தான் எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை, காபியும் மிளகும் வைத்திருக்கிற ஆள். ஆனால் மலையிலிருந்து இறங்கிப் போய் வைத்தியம் பார்த்துக்கொள்கிறவனுக்கு, டவுனில் இருப்பவருக்குத் தேவைப்படாத சில கணக்குகள் உண்டு. அவற்றை எந்த கிளினிக்கும் நோட்டீஸில் போடுவதில்லை.

ஊர் தெரியாதவர்களுக்காக: ஏற்காட்டிலிருந்து குப்பனூர் வழியாகச் சேலத்துக்கு இறங்குகிற பாதையில் இருக்கிறது கொட்டச்சேடு. இருபது கொண்டை ஊசி வளைவு உள்ள பெரிய பாதை ஏற்காட்டுக்கு அந்தப் பக்கம். இந்தப் பக்கம் குப்பனூர், அயோத்தியாப்பட்டணம் என்று இறங்கினால் சேலம். வெயில் நாளில் பெரிய தூரமில்லை. ஐப்பசி, கார்த்திகையில் மண் சரிந்து ரோட்டில் விழுந்தால் எப்போது இறங்குவோம் என்று சொல்ல முடியாது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதை என்ன கதியானது என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மே மாதம் கோடை விழா என்றால் வேறு கூத்து, டூரிஸ்ட் வண்டிக்கு நடுவே நம் வண்டி நகராது. ஒரே நாளில் முடிகிற வைத்தியத்துக்கு இதெல்லாம் பொருட்டில்லை. இம்ப்ளான்ட் ஒரே நாளில் முடிகிற சமாச்சாரம் இல்லை. மாதக்கணக்கில் இழுக்கும், அதற்குப் பிறகும் ஆயுசுக்கும் போய்க் காட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

அதனால் டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் முதலில் கேட்க வேண்டியது இது: “எத்தனை தடவை வரணும், எத்தனை மாசம் ஆகும், ராத்திரியில ஏதாவது ஆனா யாருக்குங்க போன் பண்றது?” இதற்கு முகம் கொடுத்துப் பதில் சொல்கிற இடமா என்று பார்த்துவிட்டு அப்புறம் விலைக்குப் போகலாம்.

இம்ப்ளான்ட் என்று ஒரே வார்த்தையில் சொன்னாலும் பொருள் மூன்று. எலும்புக்குள் இறங்குகிற டைட்டானியம் திருகு ஒன்று. அதன் தலையில் மாட்டுகிற அபட்மென்ட் என்ற இணைப்புத் துண்டு ஒன்று. அதற்கு மேலே பல்லாக வெளியில் தெரிகிற கேப் ஒன்று. திருகு பெரும்பாலும் 10 மில்லிமீட்டர் நீளம், 4 மில்லிமீட்டர் கனம், முன்னே பின்னே இருக்கும். விலை மர்மத்தில் பாதி இங்கேயே உடைந்துவிடும். குறைந்த விலை சொன்ன இடத்தில் அது திருகுக்கு மட்டும். கேப் தனி, ஸ்கேன் தனி, எலும்பு போதாமல் எலும்புத்தூள் வைத்தால் அது தனி. எல்லாவற்றையும் கூட்டினால் பக்கத்து கிளினிக் விலைக்கே வந்து நிற்கிறது. ஆக, “வாயில பல்லு உட்கார்ந்து நான் மெல்லுற வரைக்கும் மொத்தம் எவ்வளவு?” என்று கேட்டு, ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எழுதித் தரத் தயங்குகிற இடத்தில் எனக்கு நம்பிக்கை வருவதில்லை.

இந்தத் திருகு வந்த கதை சுவையானது. 1952-ல் ஸ்வீடனில் பெர்-இங்வார் பிரோனெமார்க் என்ற ஆராய்ச்சியாளர் பல்லைப் பற்றி நினைக்கவேயில்லை. முயலின் கால் எலும்புக்குள் ரத்த ஓட்டம் எப்படி இருக்கிறது என்று பார்க்க டைட்டானியத்தில் ஒரு சின்னக் கூடு செய்து பதித்திருந்தார். வேலை முடிந்ததும் கழற்றிவிட்டு வேறு முயலுக்கு வைக்கலாம் என்று பார்த்தால் கூடு வரமாட்டேன் என்கிறது. எலும்பு அதை ஒட்டி வளர்ந்து இறுகப் பிடித்துக்கொண்டிருந்தது. அந்தப் பிடிமானத்தை வைத்துத்தான் 1965-ல் யோஸ்டா லார்சன் என்பவருக்கு முதன்முதலில் வாயில் வைத்தார். பிறவியிலேயே தாடை சரியாக அமையாத மனிதர் அவர். 2006-ல் அவர் இறக்கிற வரை, நாற்பது வருஷம், அந்தத் திருகுகள் வேலை செய்தன. ஆனால் பல் மருத்துவ உலகம் இதை நம்பி ஏற்றுக்கொள்ள 1982-ல் டொரன்டோவில் ஒரு மாநாடு நடக்க வேண்டியிருந்தது.

டைட்டானியம் தாது நம் கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சி கடற்கரை மணலிலேயே கிடக்கிறது. சேலத்தில் எனக்குக் காட்டிய திருகுகளோ சுவிட்சர்லாந்து, கொரியா, இஸ்ரேல் சரக்கு. விலை வித்தியாசத்தில் இன்னொரு பங்கு இந்த கம்பெனிப் பெயருக்கு. அதிக விலை கம்பெனிதான் வைக்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். என் பயம் வேறு. பத்து வருஷம் கழித்து மேல் பாகம் லூஸானாலோ உடைந்தாலோ அதே கம்பெனியின், அதே அளவின் உதிரிபாகம் வேண்டும். அன்றைக்கு அந்த கம்பெனி இருக்க வேண்டும், அது எந்த கம்பெனி என்பதாவது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். திருகு வருகிற டப்பாவில் கம்பெனிப் பெயர், அளவு, பேட்ச் நம்பர் எல்லாம் அச்சடித்த ஸ்டிக்கர் இருக்கும். அதில் ஒன்றை உங்கள் சீட்டில் ஒட்டித் தரச் சொல்லுங்கள். கையோடு போனில் போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் மலையில் தாள் நனையும், பூஞ்சை பிடிக்கும், மடித்து வைத்த இடம் மறந்துபோகும்.

இதற்கெல்லாம் முன்னால் கேட்க வேண்டியது ஒன்று: சொந்தப் பல்லைக் காப்பாற்ற முடியுமா? முடிந்தால் எந்தத் திருகும் அதற்கு ஈடாகாது. வேர் சிகிச்சை செய்து கேப் போட்டால் பல வருஷம் ஓடக்கூடிய பல்லை, “எடுத்துட்டு இம்ப்ளான்ட் வச்சுக்கலாம், லைஃப்லாங்” என்று சொல்கிற இடங்கள் உண்டு. எனக்கும் ஒரு இடத்தில் பக்கத்துப் பல்லைப் பற்றி அப்படிச் சொன்னார்கள். இன்னொரு டாக்டரிடம் காட்டியதில் அடைத்துவிட்டால் போதும் என்றார். அடைத்த பல் இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது. பல்லைப் பிடுங்கச் சொன்னால் ரெண்டாவது டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

பல் ஏற்கெனவே போய்விட்டது என்றால் விஷயம் வேறு. பிடுங்கிய இடத்தில் எலும்பு சும்மா இருக்காது, கரையும். முதல் வருஷத்திலேயே அகலத்தில் ஏறத்தாழ பாதி போய்விடும் என்கிறார்கள், அதிலும் பெரும்பகுதி முதல் மூன்று மாதத்தில். மலையில் பல்வலி என்றால் முதலில் கிராம்பு, அப்புறம் மாத்திரை, அப்புறம் ஒரு நாள் இறங்கிப் போய்ப் பிடுங்கிக்கொண்டு வருவது என்பதுதான் வழக்கம். வலி போனதும் அந்தப் பக்கமே மறந்துபோகும். வருஷங்கள் கழித்துப் பல் வைக்கலாம் என்று போனால், திருகு நிற்க எலும்பு இல்லை என்பார்கள். எலும்புத்தூள் வைத்து வளர்க்க வேண்டும், மேல்தாடை என்றால் சைனஸ் அறையின் அடித்தளத்தைத் தூக்க வேண்டும், செலவும் கூடும், மாதங்களும் கூடும். பின்னால் இம்ப்ளான்ட் வைக்கும் எண்ணம் துளி இருந்தாலும் பிடுங்குகிற அன்றைக்கே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

ஸ்கேன் விஷயத்தில் சிக்கனம் வேண்டாம். வாயில் ஃபிலிம் வைத்து எடுக்கிற சின்ன எக்ஸ்ரே இதற்குப் போதாது. சிபிசிடி என்று முப்பரிமாண ஸ்கேன் இருக்கிறது, நின்றபடியோ உட்கார்ந்தபடியோ சில நொடிகளில் எடுத்துவிடுவார்கள். எனக்கு இம்ப்ளான்ட் வைத்த டாக்டரம்மா அதைத் திரையில் போட்டுக் காட்டினார். ரொட்டியைத் துண்டு போட்டமாதிரி என் தாடை வரிசையாக வந்தது. ஒவ்வொரு துண்டிலும் கீழே ஒரு ஓட்டை, அதில் ஆரஞ்சு நிறத்தில் கோடு போட்டு வைத்திருந்தார். “இதுதான் சார் நரம்பு. கீழ் உதட்டுக்கும் தாடைக்கும் உணர்ச்சி இது வழியாத்தான் போகுது. இதைத் தொடக் கூடாது. ரெண்டு மில்லிமீட்டராவது தள்ளி நிக்கணும்.” எலும்பின் உச்சியிலிருந்து நரம்பு வரைக்கும் மவுஸால் இழுத்து அளந்தார். அளவைப் பார்த்துவிட்டு, முதலில் மனதில் வைத்திருந்த நீளத்தைக் குறைத்து வேறு திருகைத் தேர்ந்தெடுத்தார். இந்த ஒரு காட்சிக்காகவே ஸ்கேன் கட்டணம் தகும். நரம்பு நசுங்கினால் உதடு மரத்தது மரத்தபடியே நின்றுவிடலாம். டீ வழிந்தாலும் தெரியாது.

உடம்பைப் பற்றி எதையும் மறைக்காதீர்கள். சுகர் இருந்தால் இம்ப்ளான்ட் கூடாது என்று ஒரு பேச்சு இருக்கிறது, அது சரியில்லை. கட்டுப்பாட்டில் இல்லாத சுகர்தான் சிக்கல். மூன்று மாதச் சராசரியைக் காட்டுகிற எச்பிஏ1சி சோதனை 7-க்குள் இருந்தால் நல்லது, 8-ஐத் தாண்டினால் பல டாக்டர்கள் தள்ளிப்போடுவார்கள். 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கிய பிறகு சுகர் மாத்திரை வீடு தேடி வருகிறது. மாத்திரை வீட்டுக்கு வந்தால் போதாது, வாய்க்குள் போக வேண்டும் என்பதுதான் எங்கள் ஊர்ப் பிரச்சினை. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தானாக நிறுத்தக் கூடாது. இதய டாக்டரும் பல் டாக்டரும் பேசி முடிவு செய்யட்டும். ஆஸ்டியோபோரோசிஸ் என்கிற எலும்பு மெலிவுக்கு வாரம் ஒரு மாத்திரை, வருஷம் ஒரு ஊசி என்று போடுகிறவர்களும், புற்றுநோய்க்காக எலும்புக்கு ஊசி போட்டவர்களும் கட்டாயம் சொல்லிவிட வேண்டும். அந்த மருந்துகளில் சில, தாடையில் கை வைத்தால் ஆறாமல் எலும்பு செத்துப்போகிற ஆபத்தைக் கொண்டுவரும். பாட்டிகளுக்கு அந்த மாத்திரை எதற்கென்றே தெரியாது, கால்வலி மாத்திரை என்பார்கள். மருந்துப் பையை அப்படியே தூக்கிக்கொண்டு போய்க் காட்டுவது உத்தமம்.

பீடி, சிகரெட் பிடிக்கிறவர்களுக்கு இம்ப்ளான்ட் தோற்கிற வாய்ப்பு ஏறத்தாழ ரெண்டு மடங்கு. பாக்கு சமாச்சாரம் அதைவிட மோசம். பான் மசாலா, மாவா என்று விடாமல் மெல்லுகிறவர்களுக்குக் கன்னத்தின் உள்பக்கம் இறுகிப்போய் வாய் திறப்பதே குறைந்துவிடும். மூன்று விரல் நுழையாத வாயில் கடைவாய் வரைக்கும் டிரில்லைக் கொண்டுபோவது எப்படி? பணம் இருந்தும் வைக்க முடியாமல் திரும்பிய இளவட்டங்களைப் பற்றி டாக்டரம்மா சொன்னார். எஸ்டேட் வேலைக்கு வருகிற பையன்கள் சட்டைப்பையில் அந்தப் பொட்டலம் இல்லாமல் வருவதில்லை. தடை என்று ஒன்று இருப்பதாகவும் கேள்வி.

இனிமேல் சொல்லப்போவது இம்ப்ளான்ட் கதை இல்லை. ஆனால் பல் நாற்காலியில் உட்காரப்போகிற எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது, அதுவும் நமக்கு அதிக தூரமில்லாத வாணியம்பாடியில் நடந்தது. 2022, 2023-ல் அந்தப் பகுதியில் சிலர் காய்ச்சல், தலைவலி, முகம் கோணுதல் என்று ஆஸ்பத்திரிக்கு வந்து மளமளவென்று மோசமாகி இறந்தார்கள். மூளையைத் தாக்கும் மெலியாய்டோசிஸ். மண்ணிலும் தண்ணீரிலும் வாழ்கிற ஒரு பாக்டீரியாவால் வருவது. வேலூர் சிஎம்சியும் மாநில பொது சுகாதாரத் துறையும் மற்றவர்களும் சேர்ந்து தேடியதில், பாதிக்கப்பட்டவர்களில் 10 பேர் ஒரே பல் கிளினிக்குக்குப் போனவர்கள் என்று தெரிந்தது. அந்தப் பத்துப் பேரில் 8 பேர் பிழைக்கவில்லை. 2025-ல் வெளிவந்த ஆய்வுக் கட்டுரை காரணமாகக் காட்டியது எதைத் தெரியுமா? வாயைக் கழுவப் பயன்படுத்திய சலைன் பாட்டிலை. கிருமி நீக்காத கருவியால் பாட்டிலைத் திறந்து, சரியாக மூடாமல் வைத்து, திரும்பத் திரும்ப அதையே எடுத்திருக்கிறார்கள்.

சலைன் பாட்டில் ஒன்றும் பெரிய விலையில்லை. அதைப் போய் மிச்சம் பிடித்ததில் எட்டு உயிர் போனது. இம்ப்ளான்ட்டில் சலைனுக்கு இன்னும் பெரிய வேலை இருக்கிறது. எலும்பில் துளை போடும்போது சூடு ஏறும். 47 டிகிரியில் ஒரு நிமிஷம் நின்றாலே எலும்பு செல்கள் செத்து, திருகு பிடிக்காமல் போகலாம். அதனால் துளை போடுகிற நேரம் முழுக்க சலைன் கொட்டிக்கொண்டே இருக்கும், திறந்த எலும்பின் மேல் நேராக. “புது பாட்டிலுங்களா? என் முன்னால திறங்க” என்று சொல்ல நமக்கு வாய் வராது. டாக்டரைச் சந்தேகப்படுகிற மாதிரி ஆகிவிடுமோ என்ற கூச்சம். கூச்சத்தை மடித்து வைத்துவிட்டுக் கேளுங்கள். கருவிகள் ஆட்டோகிளேவ் செய்த உறையில் வரும், உறையில் உள்ள குறி நிறம் மாறியிருக்கும், உறையை உங்கள் எதிரில் கிழிக்க வேண்டும். திருகும் சீல் வைத்த குப்பியில் வரும், அதையும் எதிரில்தான் திறக்க வேண்டும். ஒழுங்காக நடத்துகிறவர்கள் இதைக் கேட்டால் கோபப்படமாட்டார்கள். டாக்டரம்மா நான் கேட்பதற்கு முன்னாலேயே எடுத்துக் காட்டினார்.

யார் வைக்கிறார்கள் என்பதும் கேட்க வேண்டியதுதான். பிடிஎஸ் படித்தவர்களும் பயிற்சி எடுத்துக்கொண்டு வைக்கிறார்கள். எம்டிஎஸ்ஸில் ஈறு, செயற்கைப்பல், வாய் அறுவை என்று தனித்தனிப் பிரிவு படித்தவர்களும் வைக்கிறார்கள். பல கிளினிக்குகளில் திருகு வைக்கிறவர் வெளியிலிருந்து வந்துபோகிற டாக்டர். அதில் தப்பில்லை. அவர் அடுத்த மாதம் வேறு ஊருக்குப் போய்விட்டால் உங்கள் வாய்க்கு யார் பொறுப்பு என்பதைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாடு பல் மருத்துவக் கவுன்சில் பதிவு எண் பலகையில் இருக்கிறதா என்று பார்ப்பது குறைந்தபட்சம். செலவு கட்டுப்படியாகாதவர்களுக்குப் பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. சேலத்துக்கு அரியானூர், இன்னும் தள்ளிப் போனால் திருச்செங்கோடு. பட்டமேற்படிப்பு மாணவர்கள் பேராசிரியர் மேற்பார்வையில் வைப்பார்கள். கட்டணம் குறைவு, காத்திருப்பு அதிகம், போக வேண்டிய தடவைகளும் கூடுதல். பஸ் கட்டணத்தையும் போகிற நாட்களின் கூலியையும் சேர்த்துக் கணக்குப் போட்ட பிறகு எது மலிவு என்று முடிவு செய்யுங்கள்.

“மூணே நாளில் வாய் நிறையப் பல்” விளம்பரங்களைப் பற்றி ஒரு வார்த்தை. உடனே பல் மாட்டுகிற முறைகள் இருப்பது உண்மைதான், தகுந்த எலும்பும் தகுந்த ஆளும் அமைந்தால் செய்வார்கள். எல்லோருக்கும் மூன்று நாள் என்று தூணுக்குத் தூண் போர்டு வைத்தால் மட்டும் நான் ரெண்டடி தள்ளி நிற்பேன்.

அறுவை அன்றைக்கு நினைத்த அளவுக்கு ஒன்றுமில்லை. மரத்துப்போகிற ஊசிதான், மயக்கம் கிடையாது. சொத்தைப்பல்லைக் குடைகிற மிஷின் மாதிரி இது அலறுவதில்லை, மெதுவாகச் சுற்றுகிறது. மெல்லிய டிரில்லில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கனம் கூட்டினார். வலி இல்லை, தாடையை யாரோ பிடித்து அழுத்துகிற உணர்ச்சி மட்டும். கடைசியில் ஒரு சின்ன ஸ்பானரால் திருகை இறுக்கும்போது கிர்க், கிர்க் என்று காதுக்குள்ளேயே கேட்டது. எவ்வளவு இறுகியது என்று அந்த ஸ்பானரிலேயே அளவு காட்டுமாம். “முப்பத்தஞ்சு வந்துடுச்சு, நல்ல எலும்பு சார்” என்றார். என் எலும்பை யாரும் அதுவரை பாராட்டியதில்லை.

அன்றைய ராத்திரிதான் மலைக்காரர்களுக்குப் பரீட்சை. காலை நேரமே அறுவைக்கு நாள் வாங்குங்கள், ரத்தம் நின்றதைப் பார்த்துவிட்டு மலை ஏறலாம், ஏதாவது என்றால் பகலிலேயே திரும்பிப் போகலாம். மருந்து, பஞ்சுத்துணி எல்லாவற்றையும் சேலத்திலேயே வாங்கிவிட வேண்டும், கொட்டச்சேட்டில் ராத்திரி எட்டு மணிக்கு மெடிக்கல் ஷாப்பைத் தேட முடியாது. வண்டியை வேறு யாராவது ஓட்டட்டும். முதல் நாள் காறித் துப்பக் கூடாது, ஸ்ட்ரா போட்டு உறிஞ்சக் கூடாது, சூடாக எதுவும் கூடாது. எச்சிலில் லேசாகச் சிவப்பு தெரிவது சகஜம். வாய் நிறைய ரத்தம் வந்தால் சுத்தமான துணியை மடித்து அரை மணி நேரம் கடித்துக்கொண்டு போன் செய்யுங்கள். மறுநாள் காலையிலும் உதடு மரத்தபடியே இருந்தால் “சரியாயிடும்” என்று காத்திருக்காதீர்கள். மரத்துப்போகிற ஊசியின் வேலை சில மணி நேரம்தான். அதற்குமேல் நீடித்தால் திருகு நரம்பை அழுத்துகிறதா என்று உடனே பார்க்க வேண்டும், நாள் தள்ளினால் சரிசெய்கிற வாய்ப்பும் குறையும். காபிப் பழம் பறிக்கிற மும்முரத்தில், மூட்டை தூக்குகிற நாட்களில் இதை வைத்துக்கொள்ள வேண்டாம். பறிப்பும் மிளகும் முடிந்து, கோடை விழாக் கூட்டம் வருவதற்குள் நாள் குறித்தால் தோது.

பிறகு காத்திருப்பு. எலும்பு திருகைப் பிடிக்கக் கீழ்த்தாடைக்கு மூன்று மாதம், மேல்தாடைக்குக் கூடுதலாக என்பது பழைய கணக்கு. இப்போது சிலருக்கு அதைவிடச் சீக்கிரமும் செய்கிறார்கள். அந்த மாதங்களில் வலியே இருக்காது, அதனால்தான் பலர் மறந்துபோகிறார்கள். அளவெடுத்து, கேப் வந்து, திருகிப் பொருத்தினார்கள். சிமென்ட் வைத்து ஒட்டுகிற கேப்பும் உண்டு. எனக்குத் திருகு வைத்ததுதான் பிடித்தது, ஏதாவது என்றால் உடைக்காமல் கழற்றலாம். ஒட்டுகிற கேப்பில் சிமென்ட் துணுக்கு ஈறுக்குள் தங்கிவிட்டால் அதுவே புண்ணாகும்.

சோற்றில் கல் கடிபட்டால் சொந்தப் பல் சட்டென்று சொல்லிவிடும். பல்லுக்கும் எலும்புக்கும் நடுவில் மெல்லிய நார்ச் சவ்வு ஒன்று இருக்கிறது, அழுத்தத்தை உணர்வது அதுதான். இம்ப்ளான்ட்டுக்கு அந்தச் சவ்வு கிடையாது, எலும்போடு நேரடியாக ஒட்டியிருக்கிறது. கல் கடிபட்டாலும் மந்தமாகத்தான் தெரியும். எலும்பைக் கடித்து உடைக்கிற வீரமெல்லாம் அந்தப் பக்கத்தில் வேண்டாம். ராத்திரி பல்லை நறநறவென்று கடிக்கிறவர்கள் அதையும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். திருகு இற்றுப்போகாது என்றாலும், சுத்தமாக வைக்காவிட்டால் சுற்றியுள்ள ஈறும் எலும்பும் கெடும், அதுவும் வலியில்லாமல். ஈறில் ரத்தம், கெட்ட வாடை, கேப் லேசாக ஆடுவது, இதில் எது தெரிந்தாலும் அந்த வாரமே இறங்கிவிடுங்கள். பக்கவாட்டில் நுழைகிற குட்டி பிரஷ் ஒன்று தருவார்கள், அதைத் தினமும் விட வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை காட்ட வேண்டும். பத்து வருஷம் கழித்துப் பார்த்தால் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் நிலைத்திருக்கின்றன என்பது ஆய்வுகளின் கணக்கு. ஒழுங்காகப் போய்க் காட்டியவர்கள்தான் அந்தக் கணக்கில் அதிகம் இருப்பார்கள் என்பது என் ஊகம்.

எங்கள் தோட்டத்துக்குப் பழம் பறிக்க வருகிற அக்கா ஒருவர் என் பல்லைப் பார்த்துவிட்டு, “தம்பி, எனக்கும் இப்படி வச்சு உடச் சொல்லேன். திருப்பூர்ல இருக்குற பையன் பணம் அனுப்புறேங்கிறான்” என்றார். கீழ்வரிசையில் பாதிப் பல் இல்லை, மீதி ஆடுகிறது. வெற்றிலையும் பொயிலையும் ஓயாது, சுகரும் உண்டு. அழைத்துக்கொண்டு போனேன். டாக்டரம்மா பல்லைப் பார்ப்பதற்கு முன் கன்னத்தின் உள்பக்கத்தை விரலால் தடவித் தடவிப் பார்த்தார். இடது கன்னத்தில், பொயிலை ஒதுக்குகிற இடத்தில் வெள்ளையாக ஒரு திட்டு. பணம் வாங்கிக்கொண்டு நேராக டிரில்லை எடுக்கிற இடமாக இருந்திருந்தால் அது கண்ணில் பட்டிருக்குமா, தெரியாது. சேலம் பெரியாஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். அங்கே சதைத் துணுக்கு எடுத்துப் பார்த்தார்கள். பயப்படும்படி இல்லை, பொயிலையை விட்டே ஆக வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை காட்ட வேண்டும் என்றார்கள்.

ஆடுகிற பல்லை எடுத்துவிட்டு அக்காவுக்கு இப்போதைக்குக் கழற்றி மாட்டுகிற செட் போட்டிருக்கிறது. இம்ப்ளான்ட் விலையில் சின்னப் பங்குதான். என்னைக் கேட்டால் அவருக்கு அதுதான் சரி. ராத்திரி கழற்றித் தண்ணீரில் போட வேண்டும் என்பதில் மட்டும் அவருக்குக் கோபம். செட் கொடுத்த அன்றைக்கு டாக்டரம்மாவிடம் நேராகவே கேட்டுவிட்டார்.

“பொயிலய உட்டுட்டா திருகு வைப்பியா கண்ணு?”

“விட்டு ஆறு மாசம் ஆகட்டும்மா. சுகர் ஏழு, ஏழரைக்கு வரட்டும். அப்புறம் ஸ்கேன் எடுத்து எலும்பு இருக்கான்னு பார்க்கலாம்.”

“எவ்வளவு ஆகும்?” என்றார் அக்கா.